கிணறுகளின் எண்ணிக்கை போதுமா?

தாகித்தோருக்குத் தண்ணீர் வழங்குவது நிலையான தர்மம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. மதீனாவில் ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் ஈகையைத் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகிறோம். ஆயின், கிணறு அமைத்ததுடன் கடமை முடிந்துவிடுகிறதா? வங்காள தேசத்தின் வரலாறு இதற்கொரு பாடம்.

அங்கே குளத்து நீரைப் பருகிய குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தனர். அதனைத் தடுக்க 1970-களில் அரசாங்கமும் யுனிசெப் நிறுவனமும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை அமைத்தன. கிணறுகள் பெருகப் பெருக வெற்றியும் பெருகியதாகக் கணக்கிடப்பட்டது. 1993-ஆம் ஆண்டிலோ அந்நீரில் ஆர்சனிக் எனும் நஞ்சு இருப்பது கண்டறியப்பட்டது. மண்ணுக்கடியில் இயற்கையாகவே உள்ள அந்நஞ்சுக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. கிருமியை அஞ்சியவர்கள் ஆர்சனிக்கைத் தேடவில்லை. பின்னர் சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சிருந்த ஏறத்தாழ 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு வண்ணமும், ஏனையவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசப்பட்டன.

எனினும் அத்திட்டம் முற்றிலும் தோல்வி என்று கூறிவிடவும் இயலாது. அதே காலத்தில் குழந்தை மரணங்கள் குறைந்தன. ஆனால் 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று, உப்பும் வெல்லமும் கரைத்த நீரைத் தயாரிக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தனர், தடுப்பூசியும் பரவியது. பிழைத்த குழந்தையைக் காத்தது கிணறா, உப்புநீரா, ஊசியா? பிரித்தறிதல் எளிதன்று. நஞ்சின் தீங்கோ பல்லாண்டுகள் கழித்தே புற்றுநோயாக வெளிப்படுகிறது. ஓராண்டு அறிக்கையில் அது எவ்வாறு இடம்பெறும்?

நிய்யத்துக்குரிய நற்கூலியை இறைவன் அறிவான். ஆனால் அந்நீரைப் பருகுவோரின் நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். ஆகவே, கிணற்றுக்கென நன்கொடை வழங்கும் நீங்கள், “எத்தனை கிணறுகள்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நீர் சோதிக்கப்பட்டதா, எந்தெந்த நஞ்சுக்காகச் சோதிக்கப்பட்டது, ஐந்தாண்டு கழித்து மீண்டும் சென்று பார்ப்பவர் யார், அதற்கும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்றெல்லாம் கேளுங்கள். அச்சோதனைக்குச் செலவாகும் பணமும் தர்மமே என்பதை நம் ஜமாஅத்துகளும் சங்கங்களும் உணர வேண்டும்.