தறியும் ஏரும் ஏடும்

கல்வி என்பது பள்ளியில் தொடங்கிப் பள்ளியிலேயே முடிந்துவிடுவது என்று நம் அங்கத்தினர்களிற் பலர் கருதி வருகின்றனர். நெசவாளரும் உழவரும் அவ்வாறு கருதுவதற்கு இடமே இல்லை. நெசவாளர் இல்லத்துப் பிள்ளை முதலில் தார் சுற்றப் பழகுகிறது. பின்னர் அறுந்த இழையைப் பிணைக்கிறது. அதன் பின்னரே நாடாவைத் தொடுகிறது. உழவர் இல்லத்துப் பிள்ளை களத்தில் மணிலா ஆய்வதில் தொடங்கி, விதை பொறுக்கி, மடை மாற்றி, நாளடைவில் ஏரைப் பிடிக்கிறது. கண்டு கற்பது இளமை. செய்து கற்பது வாலிபம். தேவை நேர்ந்தபோது கற்பது நடுவயது. பிறர்க்குச் சொல்லிக் கொடுத்துத் தெளிவது முதுமை. இந்த நான்கு படிகளும் நம் தொழிலிலேயே அமைந்திருக்கின்றன.

ஆயினும் கைக்கல்வி ஒன்றே போதுமா என்பது கேள்வி. போதாது என்பதே என் கருத்து. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் நெய்யும் வீடுகளை எடுத்துக்கொள்வோம். கோர்வைக் கரை வைத்த சேலைக்குத் தறியில் ஒருவர் அமர்ந்தால் போதாது. கரையின் நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை நெடுங்காலம் வீட்டுப் பிள்ளையின் கையாகவே இருந்து வந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. 2016-இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. எனினும் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், படிப்புக்குக் குந்தகமின்றி உதவலாம் என்று ஒரு விலக்கும் அளித்தது. அவ்விலக்கு பிள்ளை தொழிலைப் பழகுவதற்காக ஏற்பட்டதேயன்றி, ஆள் கூலியை மிச்சப்படுத்துவதற்காக ஏற்பட்டதன்று. 14 வயது கடந்தபின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் காவலும் நீங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போடு பிள்ளையைத் தறியடிக்கு இழுக்கும் ஆபத்து அங்கேதான் நிற்கிறது.

பசியினால் பள்ளி நின்றது என்று முன்னோர் கூறியதில் நியாயம் இருந்தது. அக்குறையைப் போக்கவே 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022-இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் வந்தன. ஆகவே இன்று பிள்ளையைப் பள்ளியினின்றும் நிறுத்துவது பெரும்பாலும் வயிற்றுப் பசியன்று. பெற்றவர் வாங்கிய முன்பணமும், அதனைத் தீர்க்க ஓட வேண்டிய தறியுமே ஆகும்.

"படித்தால் பிள்ளை தறியை விட்டுப் போய்விடும், தொழில் அழிந்துவிடும்" என்பது நம் பெரியவர்கள் கூறும் தடை. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. படித்தவரிற் சிலர் போகத்தான் செய்வர். போவது அவர் உரிமை. ஆனால் ஒன்றை ஆலோசிக்க வேண்டுகிறேன். சேலத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. நம் தொழிலுக்குரிய உயர்படிப்பு அது. அதிற் சேரவும் பத்தாம் வகுப்புத் தேற வேண்டும். தொழிலைக் காப்பதற்காக ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அத்தொழிலின் மேற்கதவே அடைபட்டுப் போகிறது. இதற்குத் தொழிலைக் காத்தல் என்று பெயரிடுவது பொருந்துமா?

இனி வயது வந்தோர் கல்வி. நம் மாவட்டத்து மணிலாவையே பாருங்கள். பூத்தபின் விழுது மண்ணில் இறங்குகிறது. அங்கே உருவாகும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் இறவைப் பயிருக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்குமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. நாள் தவறினால் பொக்குக் காய் மிகும். இது பாட்டனார் சொல்லித் தந்த பாடமன்று. நாற்பது வயதில் கற்க வேண்டிய பாடம். அவ்வாறே பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பினால் வட்டியில்லை. தேதி தவறினால் அச்சலுகை போய்விடும். அந்தத் தேதியைத் தாமே படித்தறிய இயலாதவர், பிறர் வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டியவராகிறார். கூலியில் எவ்வளவு சேமிப்பு நிதிக்குப் பிடித்தம் ஆயிற்று என்று அறியாமல் கைநாட்டு வைக்கும் நெசவாளர் நிலையும் இதுவே. கணக்கைப் படிக்க இயலாத அங்கத்தினர் நிறைந்த சங்கத்தில் உரிமை ஏட்டளவில்தான் இருக்கும்.

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராக்டேல் நகரத்தில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்று தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கடை தழைத்ததும் அவர்கள் நூலகமும் வாசிப்பறையும் அமைத்தனர். உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினர். நம் நாட்டிலும் சான்று உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடவும் கற்றனர். எழுத்தறிவு பெற்றவர் அதனோடு நின்றுவிடவில்லை. சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையின்றிச் சென்று வந்தனர். வயது கடந்தவர்க்குப் படிப்பு ஏறாது என்ற கூற்று அங்கே பொய்யாயிற்று.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கூலி வழங்கும் நாளிலும் கடன் வழங்கும் நாளிலும் அரைமணி நேரம் ஒதுக்கி, பாஸ் புத்தகத்தையும் ரசீதையும் வரி வரியாகப் படித்துக் காட்டுதல். எழுத்தறியாதவரை 2022-இல் தொடங்கப்பெற்ற புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்புக்கு அனுப்புதல். இரண்டாவது, அங்கத்தினர் வீட்டில் பள்ளி நின்ற பிள்ளைகள் யார் என்று நிர்வாகக் குழுவினர் ஆண்டுதோறும் கேட்டறிந்து, முன்பணக் கடன் காரணமானால் அதனைச் சங்கக் கடனாக மாற்றித்தர வழி ஆராய்தல். மூன்றாவது, கைதேர்ந்த முதியவரைக் கொண்டு விடுமுறை நாட்களில் தொழில் வகுப்பு நடத்துதல். பிள்ளை தொழிலையும் இழக்காது, பள்ளியையும் இழக்காது. நிகர லாபத்தில் ஒரு பகுதி சட்டப்படி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அந்நிதி நம் பொருட்டே ஏற்பட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

கார்த்திகைத் திருநாளில் அண்ணாமலை உச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்குத் திரி காடாத் துணி. நெசவாளர் கை அதில் இருக்கிறது. ஏற்றிய இரவோடு நெய்யை நிறுத்திவிடுவதில்லை. பதினொரு நாட்களும் வார்த்து வருகின்றனர். பள்ளியிற் சேர்த்த அன்றோடு நம் கடமை தீர்ந்தது என்று இருப்போமானால் விளக்கை ஏற்றிவிட்டு நெய்யை மறந்தவர்களாவோம்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் "அங்கத்தினர் கல்வி" என்ற ஒரு தலைப்பைச் சேர்க்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். எழுத இயலாதவர் பள்ளியிற் படிக்கும் தம் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.