சிறுத்தைக்குக் கூண்டு மட்டும் போதுமா?

மும்பை மாநகரின் வடகிழக்குப் பகுதியாகிய முலுண்டில், குடியிருப்புகளை அடுத்தே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காட்டின் சிறுத்தைகள் இரவில் குடியிருப்போரங்களுக்கு வருவதுண்டு. உடனே கூண்டு வைக்க வேண்டுமென ஜனங்கள் கோருகின்றனர். குழந்தைகளின் உயிரைப் பற்றிய அவ்வச்சம் அற்பமானதன்று. ஆயினும் கூண்டு அதனைப் போக்குமா?

புனே மாவட்டத்து ஜுன்னர் வனக்கோட்டத்தின் அனுபவம் வேறு விதமாக உள்ளது. பிடிபட்ட சிறுத்தைகளை வேறிடங்களில் கொண்டு விடும் திட்டம் 2001-ல் அங்குத் தொடங்கிற்று. அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள், பின்னர் 17 ஆக உயர்ந்தன. பழகிய நிலத்தை இழந்த விலங்கு புதிய இடத்தில் தடுமாறுகிறது. அது நீங்கிய இடத்தில் வேறொன்று குடிபுகக்கூடும்.

சிறுத்தையைக் குடியிருப்புக்கு ஈர்ப்பவற்றுள் முக்கியமானது தெருநாய்; தெருநாயை வளர்ப்பது குப்பை. எனவே குப்பையகற்றலும், தெருவிளக்கும், வீட்டருகே கழிப்பிடமுமே முதற் காவலாகும். இக்குறைகளை நகராட்சிக்கு எடுத்துரைத்தல் கள ஊழியர் கடமை. இருட்டிய பின் குழந்தைகள் தனியே வெளியே செல்லலாகாது, சிறுத்தையைக் கண்டால் கூட்டமாகத் துரத்தலாகாது என்பவற்றைக் கற்பித்தல் ஆசிரியர் பணி.

மனிதரைத் தாக்கும் விலங்கைப் பிடிக்கவே வேண்டும். ஆனால் கண்ணிற்பட்டது ஒன்றே குற்றமாகாது. கூண்டைத் தேடுமுன் குப்பைமேட்டை அகற்றுவதே அறிவுடைமை.