மணியை இழுக்காதீங்க!



நம்ம ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? எங்க மணிக்குக் கழுத்துப்பட்டை கூட ஷூ கம்பெனியில் கழித்த தோல்துண்டுதான். மணி சின்ன நாய். வெளியே போனால் ஆட்டோவைப் பார்த்தாலும் பாயும், பிரியாணி வாசனைக்கும் பாயும் (அதில் நானும் அப்படித்தான்!). நான் வெடுக்கென்று இழுப்பேன். அது இருமும். "இன்னும் நல்லா இழுடா, அப்பதான் அடங்கும்" என்பார் பக்கத்து வீட்டு மாமா.

அது தப்பு என்பதே என் கருத்து. நாம இழுத்தால் நாயும் எதிர்ப்பக்கம் இழுக்கும். சின்ன நாயின் மூச்சுக்குழாய் மென்மையானது. அது அடங்கலை, மூச்சு முட்டி நிற்குது!

இப்போது மணி இழுத்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். கயிறு தளர்ந்து அது திரும்பிப் பார்த்தால் ஒரு ரஸ்க் துண்டு, அப்புறம் நடை. முதல் நாள் தெருமுனைக்குப் போகவே அரைமணி நேரம். எல்லாரும் சிரிச்சாங்க. பத்து நாளில் பாதி இழுப்பு நின்றுபோச்சு.

"தொல்லை எதுக்கு, வீட்லயே கட்டிப் போடு" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மாமா இன்னும் நம்பவில்லை. ஆனால் கழுத்துக்குப் பதிலா நெஞ்சில் மாட்டுற பட்டை தைத்துக் கொடுத்தது அவர்தான்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு