கையும் கோலும் ஒரே கோட்டில்



விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். துபாயில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்வெளி பராமரிக்கும் வேலைக்குச் சென்ற அவருடைய மகன், ஓய்வு வேளையில் தானும் அவ்விளையாட்டைப் பழகி வருகிறாராம். "கையும் கோலும் ஒரே கோட்டில் வர வேண்டும் உம்மா, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை" என்று தொலைபேசியில் சொல்கிறாராம். செல்வந்தர் விளையாட்டில் பிள்ளை பொழுதை வீணாக்குகிறாரோ என்பது அத்தாயின் கவலை.

சகோதரி அவர்களே, முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்போம். சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற தங்கள் ஊருக்குச் சுண்ணாம்புக் கல்லும் சம்மட்டியும் புதியவை அல்ல. கல்லுடைப்பவர் சம்மட்டியை உயர்த்தும்போது மணிக்கட்டு மடிந்து, கையும் காம்பும் ஒரு கோணமாக நிற்கும். கீழிறங்கிக் கல்லைத் தொடும் வேளையில் அக்கோணம் விரிந்து இரண்டும் நேராகும். கோல்ஃப் வீச்சும் இதுவே.

வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையே அளவுகோல். கோல் உச்சிக்குச் செல்கையில் இடக்கைக்கும் கோலுக்கும் இடையே ஏறத்தாழ 90 பாகைக் கோணம் உண்டாகிறது. இறங்கும்போது முதலில் இடுப்பும் தோளும் திரும்ப, கை அவற்றைத் தொடர்கிறது. மணிக்கட்டின் மடிப்போ சற்று நேரம் அவிழாதிருக்கிறது. பின்னர் கையின் வேகம் தணிய, அந்த ஆற்றல் கோலுக்குச் சென்று, கோலின் தலை சீறிப் பாய்கிறது. பந்தைத் தொடும் கணத்தில் இடக்கையும் கோலும் ஏறக்குறைய ஒரே கோடாகின்றன. ஓர் ஊசலின் நுனியில் மற்றோர் ஊசலைத் தொங்கவிட்டாற்போன்ற அமைப்பு இது என்பர் அறிவியலார்.

பழகுவோர் செய்யும் பிழை அவசரமே. மணிக்கட்டை முன்னதாக அவிழ்த்துவிட்டால், கோல் கையை முந்திக்கொள்ளும். விசை வழியிலேயே வீணாகும். பந்துக்கு முன் தரையே அடிபடும்.

கோலின் முகம் 1 பாகை விலகி, பந்தும் அவ்வழியே சென்றால், 200 மீட்டர் தொலைவில் சுமார் மூன்றரை மீட்டர் தவறிவிடும். கோல் பந்தைத் தொட்டிருப்பதோ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அந்நேரத்தில் எதையும் திருத்த முடியாது. நிற்கும் நிலை, பிடிக்கும் பிடி, தோளின் நேர் ஆகிய அனைத்தும் முன்னரே சரியாயிருத்தல் வேண்டும். கனடாவின் மோ நார்மன் என்பார் அடிக்கத் தொடங்குமுன்பே கையையும் கோலையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். கண்டோர் நகைத்தனர், ஆயினும் துல்லியத்துக்கு அவர் பெயரையே இன்றும் சொல்கின்றனர்.

இது செல்வந்தர்க்கு மட்டுமே உரியதா? கோல்பை சுமக்கும் வேலையில் தொடங்கிய அலி ஷேர் என்னும் நம் நாட்டு வீரர், 1991-இல் டில்லியில் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அதனைப் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. 1993-இல் மீண்டும் வென்றார். டாக்காவில் பந்து பொறுக்கும் சிறுவனாயிருந்த சித்திக்குர் ரஹ்மான், 2010-இல் புரூணை ஓப்பனையும் 2013-இல் இந்திய ஓப்பனையும் வென்று, 2016 ரியோ ஒலிம்பிக்கில் வங்கதேசக் கொடியை ஏந்திச் சென்றார்.

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்தது. மக்கள் வில்வித்தையை மறந்தனர் என்பதே காரணம். அவ்வில்வித்தையை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு நிதானமும் தரும் பயிற்சியை மார்க்கம் வெறுப்பதில்லை. ஆனால் தொழுகை தவறக்கூடாது. ஊதியம் தரும் வேலையில் குறை நேரக்கூடாது. பணம் வைத்து ஆடுதல் அறவே கூடாது. இவற்றைத் தங்கள் மகனிடம் கனிவாகச் சொல்லுங்கள், பழகுவதைத் தடுக்காதீர்கள்.

அடி விழும் கணத்தில் திருத்த இயலாதென்பது பிள்ளை வளர்ப்புக்கும் பொருந்தும். தாங்கள் முன்பே நேராக நிறுத்தி வளர்த்த பிள்ளை, கடல் கடந்தும் நேராகவே நிற்பார், இன்ஷா அல்லாஹ்.