தொட்டிலும் நாற்காலியும்

"பாவம், பிள்ளைக்காரி; எங்கேயாவது ஒரு சுலபமான இடத்திலே போட்டுவிடுங்கள்."

கொழும்பு நகரின் கொம்பனிக் கந்தோர்களிலே இவ்வாக்கியம் ஒலிக்காத மாதமில்லை. இதனைச் சொல்பவர் கொடியவரல்லர். பெரும்பாலும் நல்லவர், தன் தாயைப் போற்றுபவர், மேடை கிடைத்தால் தாய்மையின் மகத்துவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச வல்லவர். எனினும், நாம் இங்கே குற்றக் கூண்டில் நிறுத்த விரும்புவது கொடியவர்களின் கொடுமையையன்று. இந்த நல்லவர்களின் இரக்கத்தையே. கொடுமையை எதிர்த்துத் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். இரக்கத்தை எதிர்த்து எங்கே போவது?

நாம் நன்கறிந்த ஒரு பெண்மணியின் கதையைச் சொல்வோம். அவரது பெயரும் கொம்பனியின் பெயரும் வேண்டா; பெயரை மாற்றினால் எத்தனையோ கந்தோர்களுக்கு இக்கதை பொருந்தும். மருந்து இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியின் விற்பனைப் பகுதியிலே எட்டாண்டுகள் உழைத்தவர் அவர். குருநாகல், சிலாபம், புத்தளம் என வடமேல் மாகாணத்தின் மருந்துக் கடைகளும் வைத்தியர்களும் அவருக்கு அத்துபடி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசி வியாபாரத்தை வளர்த்தவர். அடுத்த பதவியுயர்வு அவருக்கே என்று கந்தோர் முழுவதும் பேசிக்கொண்டது.

பிள்ளை பிறந்தது. 84 நாள் விடுமுறை கழிந்து அவர் திரும்பியபோது, அவரது மேசையிலே அவரே தொழில் பழக்கிவிட்ட இளைஞர் அமர்ந்திருந்தார். மனேஜர் அன்போடு வரவேற்று, "இனி உங்களுக்கு ஏன் தங்கச்சி இந்த அலைச்சல்? பதிவேட்டுப் பகுதியிலே இடமிருக்கிறது. எட்டரைக்கு வந்து நாலரைக்குப் போகலாம்" என்றார். அடிப்படைச் சம்பளத்திலே ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் விற்பனைக்கான கொமிஷன் இல்லை, பிரயாணப்படி இல்லை, மாத முடிவில் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. பதிவேட்டுப் பகுதியிலே ஏறிச்செல்ல ஏணியும் இல்லை. இடமாற்றக் கடிதத்திலே, "தங்கள் சொந்த விருப்பத்திற்கிணங்க" என்று எழுதியிருந்தது. அவர் ஒப்பமிட்டார்.

இந்த "விருப்பம்" என்ற சொல்லையே நாம் சற்று நின்று நோக்க வேண்டும்.

விருப்பம் என்பது இரண்டு வழிகள் திறந்திருப்பவருக்கே உரியது. அப்பெண்மணியின் முன்னே எத்தனை வழிகள் திறந்திருந்தன? கந்தோரிலே பிள்ளையை வைத்துப் பார்க்க இடமில்லை. வீட்டிலே பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதென்றால் அவளுக்குக் கொடுக்கும் சம்பளம் இவரது சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கும். புத்தளத்துக்குப் போனால் இரவுக்கு முன் திரும்ப முடியாது. கணவர் ஓர் ஆறு மாதம் பிள்ளையைப் பார்ப்பாரென்ற எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை, அவருக்குந்தான். ஐந்து கதவுகளையும் அடைத்துவிட்டு, ஆறாவது கதவின் வழியே ஒருத்தி வெளியேறினால், "அவள் விரும்பியே அந்த வழியால் போனாள்" என்று எழுதிவைப்பதற்குப் பெயர் நிர்வாகமாம்!

எமது சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் உழைக்கும் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. கடைகளிலும் கந்தோர்களிலும் உழைப்போருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மூன்றாவது பேறு என்றால் விடுமுறையைக் குறைத்துக் கொடுத்த பழைய விதி 2018ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. மூன்றாவது பிள்ளையைப் பெற்றவளின் உடலுக்கு ஓய்வு குறைவாகப் போதும் என்று எந்த வைத்தியர் சொன்னார் என்பதை அத்தனை ஆண்டுகளும் எந்தச் சட்டசபையும் கேட்கவில்லை. கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணங்காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதையும் சட்டம் தடுக்கின்றது. இவை எல்லாம் உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற பேறுகளே. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கொம்பனி முதலாளி சட்டத்தை எம்மிலும் நன்றாகப் படித்தவர். நீக்கக் கூடாது என்றுதானே இருக்கிறது? அவர் நீக்கவில்லை, நகர்த்துகிறார். சம்பளத்தைக் குறைக்கவில்லை, சம்பளத்தைச் சுற்றியிருந்தவற்றை உரித்தெடுக்கிறார். பதவியிறக்கம் என்று சொல்லவில்லை. "உள்ளகத் தொழில் மாற்றம்" என்று அழகிய பெயர் சூட்டுகிறார். ஒப்பமோ பெண்ணுடையது. பிறகு எந்த மன்றில் எதனை நிறுவுவது?

சர்வதேசத் தொழில் தாபனம் 2000ஆம் ஆண்டிலே நிறைவேற்றிய 183ஆம் இலக்கச் சமவாயம், பேறுகால விடுமுறை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அதே பதவியையோ, அதே சம்பளமுள்ள அதற்கு நிகரான பதவியையோ பெறும் உரிமை உண்டு என்று தெளிவாக உரைக்கின்றது. "நிகரான பதவி" என்ற அந்த இரண்டு சொற்களே எமக்கு வேண்டியவை. எட்டாண்டு விற்பனை அனுபவத்துக்குப் பதிவேட்டு அலுமாரியின் திறப்புக் கோவை நிகராகுமா?

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டா என்று எமது சுகாதாரத் திணைக்களம் ஊர்தோறும் போதிக்கின்றது. நல்ல போதனை, உலக சுகாதார தாபனத்தின் போதனையும் அதுவே. ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 26 வாரம். கொம்பனிப் பெண்ணுக்கு உள்ளதோ 84 நாள். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 நாளும், விரும்பின் அரைச் சம்பளத்துடன் இன்னும் 84 நாளும், சம்பளமின்றி மேலும் 84 நாளும் உண்டு. ஆசிரிய நண்பர்கள் பலர் இதனை அனுபவத்தில் அறிவர். அரசாங்கப் பாடசாலை ஆசிரியையின் பிள்ளைக்கு வேண்டிய பால், கொம்பனி லிகிதரின் பிள்ளைக்கு வேண்டாமா?

பாலூட்டும் இடைவேளை சட்டத்திலே உண்டே என்பர். உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை. பிள்ளைப் பராமரிப்பிடம் இருந்தால் அரைமணி நேரமும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும். பிள்ளை வத்தளையில்; தாய் கோட்டையில்; நடுவிலே களனிப் பாலமும் அதன்மேல் நிற்கும் பஸ் வரிசையும். அந்த ஒரு மணி நேரத்திலே போய்ப் பாலூட்டி மீள்வதற்கு அவளுக்கு இறக்கை வேண்டும்.

"கொம்பனி என்ன தர்மசாலையா?" என்று கேட்போருக்கு மலையகத்தைக் காட்டுவோம். தோட்டங்களிலே பிள்ளைக் காம்பராக்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. துரைமாருக்குக் கூலிப்பெண்ணின் குழந்தைமீது பாசம் பொங்கியதாலா அவற்றைக் கட்டினார்கள்? கொழுந்து பறிக்க அவளது கை வேண்டியிருந்தது. கை மலைக்குப் போக வேண்டுமாயின் பிள்ளை எங்கேனும் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவே கணக்கு. அவற்றுட் பலவற்றின் நிலையைப் பற்றி நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் இலாபத்துக்குத் தேவைப்பட்டபோது தகரக் கூரையின் கீழேனும் கட்ட முடிந்த ஒன்றை, கண்ணாடி மாளிகைகளிலே கந்தோர் நடத்துவோர் கட்ட முடியாது என்பது பொய். முடியாமையன்று; கட்டாமலே சமாளிக்கலாம் என்ற தைரியம்.

அந்தத் தைரியத்துக்கு அரசாங்கமும் துணை நிற்கின்றது. பேறுகாலச் சம்பளத்தின் சுமையை எமது சட்டம் தனித்தனி முதலாளியின் தலையிலே வைத்திருக்கிறது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1952ஆம் ஆண்டுச் சமவாயமோ, அச்செலவைச் சமூகக் காப்புறுதியோ பொது நிதியோ ஏற்க வேண்டும், தனி முதலாளியைப் பொறுப்பாக்கக் கூடாது என்கிறது. இலங்கை அதனை 1993ஆம் ஆண்டிலே ஏற்று ஒப்பமிட்டது. ஒப்பம் இருக்கிறது, நிதியைக் காணோம்! விளைவு என்ன? நேர்முகப் பரீட்சைக்கு வரும் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம், "கலியாணம் எப்போது?" என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்குள்ளே அந்த 84 நாட்களின் கணக்கு ஒளிந்திருக்கிறது. எல்லாக் கொம்பனிகளும், ஆண்களை மட்டுமே அமர்த்துபவையும் உட்பட, பங்களிக்கும் ஒரு பொது நிதி உருவானால் அக்கணக்கின் வேரே அறுந்துபோகும்.

1931இல் பெண்களுக்கு வாக்குரிமை பெற்ற நாடு, 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு என்று நாம் மார்தட்டுகிறோம். பல்கலைக்கழகங்களிலே பெண்களே பெரும்பான்மையினர். ஆயினும் உழைக்கும் வயதுடைய பெண்களில் மூன்றிலொரு பங்கினர் அளவிலேயே ஊழியப் படையில் இருக்கின்றனர். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர் அளவில் உள்ளனர். பரீட்சை மண்டபத்துக்கும் கந்தோர் வாசலுக்குமிடையே இத்தனை பேர் எங்கே மறைந்தார்கள்? ஒரு பகுதியினர் தொட்டிலுக்கருகே நின்று, "இனி எனக்கு எது முடியுமோ அது போதும்" என்று சொல்லிக்கொண்டவர்கள்.

இவ்விடத்தில் ஒரு தடையை நேர்மையாகச் சந்திப்போம். "தாயானபின் இலகுவான தொழிலை உண்மையாகவே விரும்பும் பெண்கள் இல்லையா? அவர்களையும் பழைய நாற்காலியிலே கட்டிப்போடச் சொல்கிறீர்களா?" என்று சிலர் வினவலாம். இல்லை. பிள்ளை பிறந்ததும் மனிதரின் வாழ்வு மாறுகின்றது, நோக்கும் மாறலாம். விற்பனையை விட்டுக் கணக்கியல் பயில ஒருத்தி விரும்பலாம். கணக்கை விட்டுப் பயிற்சிப் பகுதிக்குப் போக இன்னொருத்தி விரும்பலாம். தொழிலை மாற்றிக்கொள்வதும் ஓர் உரிமையே. நாம் எதிர்ப்பது மாற்றத்தையன்று. மாற்றம் என்ற பெயரிலே நடைபெறும் பறிப்பை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. புதிய இடத்திலே தரமும் மொத்த வருமானமும் குறையாதிருக்கின்றனவா? புதிய தொழிலுக்கு வேண்டிய பயிற்சியைக் கொம்பனி தன் செலவில், வேலை நேரத்திலே தருகின்றதா? ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பழைய பணிக்குத் திரும்பும் வழி எழுத்திலே இருக்கின்றதா? அதே வசதி தந்தையாகிய ஆண் ஊழியருக்கும் உண்டா? இந்நான்கு கேள்விகளுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் அது தொழில் மாற்றம். வராவிட்டால் அது பதவியிறக்கமே. எத்தனை மென்மையான குரலிலே சொன்னாலும் பதவியிறக்கமே.

இனி, எம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மே தினத்தன்று செங்கொடி பிடிக்கும் எங்களில் எத்தனை பேர் வீட்டிலே பிள்ளையின் துணி தோய்த்திருக்கிறோம்? மனைவிக்கு இடமாற்றக் கடிதம் வந்த அன்று, "நல்லதுதானே, நேரத்தோடு வீட்டுக்கு வரலாம்" என்று மகிழ்ந்தவர்களுள் முற்போக்காளர் இல்லையா? அரச சேவையிலே தந்தைக்குக் கிடைக்கும் விடுமுறை மூன்றே நாள். அதனை நீட்ட வேண்டுமென்று எந்தச் சங்கக் கூட்டத்தில் நாம் எழுந்து பேசினோம்? தொழிற்சங்க நிர்வாக சபைகளிலே தாய்மார் எத்தனை பேர்? மாலை ஆறுமணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைபடுவதும், ஆறாவது கதவைக் காட்டி விருப்பம் என்பதும் ஒரே குணந்தான்.

ஆதலின் தொழிற்சங்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைப் பத்திரங்களிலே சேர்க்க வேண்டும். பேறுகாலத்துக்கு முன்னிருந்த பதவி அல்லது நிகரான பதவி சட்டத்தால் உறுதிசெய்யப்படுக. பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்வரை தாயிடம் பெறப்படும் எந்த இடமாற்ற ஒப்பமும், சங்கப் பிரதிநிதி உடனிருந்தாலன்றிச் செல்லாததாகுக. பேறுகாலச் சம்பளம் பொது நிதியிலிருந்து வழங்கப்படுக. அயலிலுள்ள கந்தோர்கள் கூடியேனும் பிள்ளைப் பராமரிப்பிடம் அமைக்குக. தந்தையர் விடுமுறை நாட்கணக்கிலிருந்து வாரக்கணக்காக உயர்க.

நாம் சொன்ன அப்பெண்மணி இன்றும் அதே பதிவேட்டுப் பகுதியில் இருக்கிறார். அவர் பழக்கிவிட்ட இளைஞர் இன்று பிராந்திய மனேஜர். அவரும் தந்தையாகிவிட்டார்; பிள்ளை பிறந்தபோது கந்தோரிலே கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். அவரது மேசையை எவரும் நகர்த்தவில்லை. குடும்பப் பொறுப்பு கூடிவிட்டதென்று அவ்வாண்டே அவருக்குச் சம்பள உயர்வும் கொடுத்தார்கள்.

ஒரே கந்தோர், ஒரே தொழில், இரண்டு பிள்ளைகள். ஒன்று தந்தைக்கு உயர்வு கொணர்ந்தது. மற்றது தாயின் நாற்காலியைப் பறித்தது. இந்த அநீதியை இயற்கையின் தலையில் கட்டாதீர்கள். இது மனிதர் எழுதிய கணக்கு. மனிதராலேயே திருத்தி எழுதப்பட வேண்டியது. அடுத்த முறை, "பாவம், பிள்ளைக்காரி" என்ற குரல் எமது கந்தோரிலோ பாடசாலையிலோ எழும்போது, "அவருடைய இடம் எது என்பதை அவரிடம் கேட்டீர்களா?" என்று எழுந்து கேட்பதிலிருந்து நாம் தொடங்குவோம்.