செபத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

செபத்தை எழுதி வைக்கலாமா, கூடாதா? தவக்காலம் தொடங்கிட்டா எங்க பக்கம் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துடும். ஒரு கோஷ்டி, 'பிரேயர் ஜர்னல்' என்று கடையில் விற்கிற கெட்டி அட்டைப் புத்தகத்தை வாங்கும். நடுவில் பட்டு நாடா, ஓரத்தில் தங்க நிறம், பக்கத்துக்குப் பக்கம் இங்கிலீஷில் கேள்விகள். முதல் பத்து பக்கம் அழகான கையெழுத்தில் இருக்கும், அதுக்கப்புறம் பீரோவுக்குள் போயிடும். இன்னொரு கோஷ்டி சிரிக்கும். "கடவுளுக்குத் தெரியாததையா நீ எழுதிக் கொடுக்கப் போறே?"

நான் எழுதணும் என்கிற கட்சி. ஆனா அந்தப் பட்டு நாடாப் புத்தகம் வேண்டாம் என்கிற கட்சியும்கூட. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்குங்க.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலை வட்டாரத்தில் ஆவூர் இருக்கு. பெரியநாயகி மாதா கோயில் என்றால் நிறைய பேருக்குத் தெரியும். ஈஸ்டர் சமயத்துப் பாஸ்கு நாடகத்துக்கும் தேருக்கும் சாதி மதம் பார்க்காமல் ஜனங்கள் கூடுகிற ஊர். 1697இல் அங்கே முதல் கோயிலை எழுப்பியவர் புஷே அடிகளார், பிரான்சிலிருந்து வந்த சேசு சபைக் குரு. இப்போது இருக்கிற கோயில் 1747இல் கட்டியது. நம்ம வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார்.

இந்தக் குருக்கள் எல்லாரும் எழுதித் தள்ளியவர்கள். மதுரை மிஷனில் என்ன நடந்தது, யார் ஞானஸ்நானம் வாங்கினார்கள், எங்கே பஞ்சம், எந்தப் பாளையக்காரர் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று கடிதம் கடிதமாக ஐரோப்பாவுக்குப் போனது. புஷே அடிகளாரின் கடிதங்கள் பிரான்சில் அச்சாகி, அங்கே படித்தவர்கள் விரும்பி வாசித்தார்கள். அருளானந்தர் 1693 பிப்ரவரி 3ஆம் தேதி, தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாள், ஓரியூர்ச் சிறையிலிருந்து தன் கூட உழைத்த குருக்களுக்குக் கடிதம் எழுதினார். கரியைக் கரைத்து மையாக்கி எழுதினார் என்று எங்க பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள்.

நல்ல விஷயம்தான். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் காலத்து நம்ம ஊர் எப்படி இருந்தது என்பதில் பாதி நமக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த ஆவூர்க் கோயிலில் முட்டி போட்டு வேண்டிய பெண், அவள் என்ன வேண்டினாள்? பிள்ளை வரமா, மழையா, புருஷன் குடியை விடணும் என்றா? அவளே எழுதிய ஒரு வரி நம்மிடம் இல்லை. அவளைப் பற்றி வேறு யாரோ, வேறு மொழியில், கடல் தாண்டி இருக்கிற வேறு யாருக்கோ எழுதினார்கள். அவளுக்கு எழுத்து கிடையாது. அவள் செபம் காற்றோடு போனது. ஆண்டவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அது வேற விஷயம். நமக்கு வந்து சேரவில்லை.

தமிழன் தானே தமிழில் எழுதி வைத்ததும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராக இருந்த சவரிராயபிள்ளை (1801–1874) நாட்குறிப்பும் கடிதங்களும் எழுதியவர். அவர் மகன் அதையெல்லாம் காப்பாற்றினார். ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். கிடைத்தால் படிங்க. ஒரு உபதேசியார் குடும்பத்தின் நல்லது கெட்டது, ஊர் வழக்கு, விசுவாசம் எல்லாம் ஒரே தாளில் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும். 'ஆன்மிகம்' தனி, 'வாழ்க்கை' தனி என்று பிரிக்கிற வேலை அந்தக் காலத்தில் இல்லை.

சரி, எழுத்து வராதவங்க என்ன செய்யறது?

இங்கேதான் புதுக்கோட்டைக்காரனாக எனக்குக் கொஞ்சம் பெருமை. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனா சைக்கிளுக்கு முன்னாடி பலப்பம் வந்தது. கல் உடைக்கிற பெண்கள், நடவு நடுகிற பெண்கள், ராத்திரி சோறாக்கி முடித்து வந்து உட்கார்ந்து 'அ'னா போட்டார்கள். பஸ்சின் பெயர்ப்பலகை படிக்க, ரேஷன் கார்டைப் பார்க்க, கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட என்றுதான் அதைச் சொன்னோம். அந்த எழுத்தால் வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு அத்தை முறை ஒருத்தர், ஆலங்குடிப் பக்கம். அறிவொளியில் எழுதப் பழகியவர். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு, மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கும். ஒரு தடவை அவராகவே எடுத்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார். 2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்த தேதி. அவர் தோப்பில் நின்ற தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. கரண்டு இல்லை, தண்ணி இல்லை. அந்த இருட்டில் உட்கார்ந்து, ஒற்றுக்கொம்பு எல்லாம் மாறிப்போன எழுத்தில், இரண்டே வரி: "மரம் எல்லாம் போச்சு சாமி. நீ எங்க இருந்த?"

அதுக்கப்புறம் பத்து நாளைக்கு மேல் வெறும் தேதி மட்டும் போட்டிருக்கிறார். கீழே ஒண்ணும் இல்லை.

"ஏன் அத்தை, தேதி மட்டும் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பேச்சு வரலப்பா. ஆனா வந்து உக்காந்தேன்ல" என்றார்.

செபக் குறிப்பேட்டைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பட்டு நாடாப் புத்தகத்தில் இந்தப் பக்கத்துக்கு இடம் கிடையாதுங்க. அதில் "இன்று நான் நன்றி கூறும் மூன்று காரியங்கள்" என்கிற மாதிரிதான் அச்சடித்திருக்கும். புயல் அடித்த காலையில் மூணு நன்றிக்கு எங்கே போவார் அத்தை? இல்லாததை இருக்கிற மாதிரி எழுதினால் அது செபமா? திருப்பாடல்களைத் திறந்து பாருங்க. 13ஆம் திருப்பாடல் கடவுளைப் பார்த்துக் கேள்வி கேட்டுத்தான் தொடங்குகிறது. நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. கேள்வி கேட்கிற பக்கத்தைக் கிழித்துவிட்டால் நம்பிக்கை எதன் மேல் வந்து உட்காரும்?

இரண்டு ஆட்சேபணைகள் வழக்கமாக வரும்.

முதலாவது, "இது ஆண்டவருக்குக் கணக்கு நோட்டு போடுற மாதிரி இல்லையா? இத்தனை கேட்டேன், இத்தனை கிடைச்சது என்று?" நியாயமான பயம்தான். கேட்டதும் கிடைத்ததும் மட்டும் எழுதினால் அது மளிகைக் கடை நோட்டுத்தான். ஆனா ஆவூர்க் குருக்கள் சேர்ந்திருந்த அதே சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், கணக்கை வேறு பக்கம் திருப்பிவிட்டார். 1548இல் அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் ஒரு முறை இருக்கு. நீங்கள் விட நினைக்கிற ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளணும். கோபம் என்று வையுங்க. வாரத்தின் ஏழு நாளுக்கும், நாளுக்கு இரண்டு கோடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் காலையிலிருந்து எத்தனை தடவை விழுந்தோம் என்று யோசித்து, அத்தனை புள்ளி முதல் கோட்டில். ராத்திரி அதே மாதிரி இரண்டாவது கோட்டில். நேற்றைய புள்ளியையும் இன்றைய புள்ளியையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். அவ்வளவுதான். கணக்கு நம்முடைய நடத்தைக்கு. கடவுளுக்கு இல்லை.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த முறைக்கு எழுத்தே தேவையில்லை. கோடும் புள்ளியும் போடத் தெரிந்தால் போதும். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் புதுசாச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இஞ்ஞாசியார் தனக்கென்று ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார். 1544 பிப்ரவரியிலிருந்து 1545 பிப்ரவரி வரைக்குமான பகுதி மிஞ்சியிருக்கிறது. பூசையில் கண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று நாள் தவறாமல் குறித்திருக்கிறார். போகப் போக வாக்கியங்களே குறைந்து, சில எழுத்தும் குறிகளுமாகச் சுருங்கிவிடுகிறது. யாருக்கும் காட்ட எழுதியதில்லை என்பது பார்த்தாலே தெரியும். ஒரு பெரிய சபையின் தலைவர் அவர். அவருக்கும் எங்க அத்தையின் வெறும் தேதிக்கும் தூரம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது ஆட்சேபணை, "செபம் அந்தரங்கமா இருக்கணும் என்றுதானே இயேசு சொன்னார்? எழுதி வைத்தால் நாலு பேர் பார்க்க மாட்டார்களா?" கதவைச் சாத்திக்கொண்டு வேண்டச் சொன்னார், சரிதான். ஆனா சாத்துவதற்கு ஒரு தனி அறை யார் வீட்டில் இருக்கு? தொகுப்பு வீட்டில் ஒரே ரூம். மாமியார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். வாய்விட்டுச் சொன்னால் எல்லார் காதிலும் விழும். அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரே உள்ளறை அந்த நோட்டுதான். அதனால வீட்டுக்காரர்களுக்கும் ஒண்ணு சொல்றேன். அம்மாவோ மனைவியோ மகளோ அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால், அதைத் திறக்காதீங்க. அவங்க காட்டினால் பாருங்க. அடுத்தவங்க படிப்பாங்க என்று தெரிந்த நிமிஷமே அதில் பொய் எழுத ஆரம்பித்துவிடுவோம். மனுஷ சுபாவம் அது.

சரி, எழுதணும் என்று தோன்றினால் எப்படி ஆரம்பிக்கலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்றேன்.

1. நாற்பது பக்க நோட்டு போதும். பெட்டிக்கடையில் கிடைப்பது. விலை கூடிய புத்தகத்தில் அடித்தல் திருத்தலோடு எழுத மனசு வராது. செபம் என்றாலே அடித்தல் திருத்தல்தான்.

2. தேதி போடுங்க. எழுத ஒண்ணும் வரலையா, தேதியை மட்டுமாவது போடுங்க.

3. நீங்க பேசுற தமிழில் எழுதுங்க. பைபிள் தமிழ் அழகுதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா "கிருபை கூர்ந்தருளும்" என்று எழுதும்போது, மாமனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரிடம் கைமாத்து கேட்கலாம் என்கிற கவலை அதில் ஏறுமா? ஏறாது. கவலையை அது இருக்கிற பாஷையிலேயே இறக்கி வையுங்க.

4. பேர் சொல்லி வேண்டுங்க. "உலக சமாதானத்துக்காக" என்று எழுதுவது சுலபம். வரப்புச் சண்டையில் பேச்சு நின்னுபோன பங்காளியின் பேரை எழுதிப் பாருங்க, பேனா நகராது. நகர்ந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. எதிர்ப் பக்கத்தைக் காலியா விடுங்க. ஆறு மாசம் கழித்துத் திரும்பிப் படித்து, என்ன ஆச்சு என்று அங்கே குறிங்க. கிடைத்ததையும் எழுதுங்க, கிடைக்காததையும் எழுதுங்க. இதெல்லாம் கேட்டோமே என்று சிரிப்பு வருகிற பக்கமும் கட்டாயம் இருக்கும்.

ஆவூர்க் கோயிலில் அன்றைக்கு வேண்டிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது, அதனால் வேறு ஆட்கள் எழுதினார்கள். இப்போது நம்ம வீட்டுப் பெண்களுக்கு எழுதத் தெரியும். சர்ச்சில் நாம அவங்களிடம் கொடுப்பதெல்லாம் பாட்டுப் புத்தகமும், அச்சடித்த நவநாள் செபப் புத்தகமும்தான். எல்லாமே அடுத்தவங்க எழுதியதைப் படிப்பதற்கு. இந்தத் தவக்காலத்தில் பங்குகளில் ஆளுக்கு ஒரு வெறும் நோட்டு கொடுத்துப் பார்க்கலாம். உள்ளே ஒரு எழுத்துகூட அச்சடிக்காமல், வெறும் கோடு போட்ட நோட்டு. திரும்ப வாங்கிப் பார்க்கவும் கூடாது.

எங்க அத்தையின் நோட்டில் அந்தப் பத்து நாளுக்கு அப்புறம் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.