'இப்போது பேசினால் எதிரிக்கு லாபம்'

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் பெரியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தலைமை வகித்த திரு.வி.க. அதை அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார். இந்தக் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நூறாண்டு நிறைவை ஒட்டி இன்னும் நிறையப் பேருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தீர்மானம் என்ன வாதத்தால் வீழ்த்தப்பட்டது என்பதை நம் பேச்சாளர்கள் அவசரமாகக் கடந்துபோகிறார்கள்.

அது ஒரே நாள் சண்டை அல்ல. திருநெல்வேலி 1920, தஞ்சாவூர் 1921, திருப்பூர் 1922, சேலம் 1923, அவரே தலைமை வகித்த திருவண்ணாமலை 1924 என்று ஒவ்வொரு மாநாட்டிலும் முட்டிப் பார்த்துவிட்டுத்தான் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அத்தனை ஆண்டுகளும் கிடைத்த பதில், கோரிக்கை அநியாயம் என்பதல்ல. கோரிக்கை நியாயம்தான், நேரம்தான் சரியில்லை. நாட்டு ஒற்றுமை கெடும், வெள்ளைக்காரன் பயன்படுத்திக்கொள்வான், முதலில் சுயராச்சியம் வரட்டும் என்பதுதான்.

இதில் மோசடி எங்கே இருக்கிறது? 'பங்கு கொடுக்க மாட்டோம்' என்று நேராகச் சொன்னால் அதோடு விவாதிக்கலாம். 'கொடுப்போம், இப்போது கேட்காதே' என்பவரோடு விவாதிக்கவே முடியாது. கேட்பவன் உரிமை கேட்பவனாக இல்லாமல் எதிரியின் கையாளாகிவிடுகிறான். திரு.வி.க.வை வில்லனாக்கி இதை முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர் அவர். பார்ப்பனரும் அல்லர். நல்லவர்கள் வாயிலும் இந்த வாதம் கூசாமல் உட்காரும் என்பதுதான் அதன் ஆபத்து.

நம் எதிரிகளின் பொய்களை அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஒதுக்கீடு தகுதியைக் கொல்கிறது' என்று எழுபது ஆண்டுகள் அழுதவர்கள் 2019 சனவரியில் 10 சதவீதத்தை இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்றியபோது தகுதியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆண்டுக்கு 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர் ஏழையாம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைக்கு அதில் இடமில்லையாம். 2022இல் உச்ச நீதிமன்றத்தில் மூவர் அதைச் சரி என்றார்கள், இருவர் மறுத்தார்கள். இதையெல்லாம் எழுதினால் நம் பக்கத்தில் கைதட்டல் கிடைக்கும். கைதட்டல் கிடைக்காத இடத்துக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம். குழந்தைகள் நோயுற்றதால்தான் விசயமே வெளியே வந்தது. அன்று முதல் இதைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் ஆளுங்கட்சி ஆதரவுத் தோழர்கள் வைத்திருந்த பதில்: விசாரணை நடக்கிறது, பொறுங்கள், இதைக் கிளப்பினால் பாஜகவுக்குத்தான் லாபம். இரண்டு ஆண்டுகள் பொறுத்தோம். 2025 சனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே ஊர்த் தலித் இளைஞர்கள். அன்று மாலைக்குள் 'பொறுங்கள்' என்றவர்களே 'பார்த்தீர்களா, அவர்களே செய்துகொண்டது' என்று தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. அதாவது சாதி என்ற கேள்வியே வழக்கிலிருந்து இறங்கிவிட்டது.

போலீஸ் சொல்வது உண்மையா பொய்யா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நான் கேட்பது வேறு. மற்ற வழக்குகளில் 'குற்றப்பத்திரிகை தீர்ப்பு ஆகாது', 'போலீஸ் கதையை நம்பாதே' என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் நீங்கள்தானே? இந்த மூன்று பேருக்கு மட்டும் அந்தப் பாடம் ஏன் செல்லவில்லை? விசிகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட்டணிக்குள் இருந்துகொண்டே குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை. கூட்டணி உடைந்துவிடவில்லை, பாசிசம் கோட்டையில் ஏறிவிடவும் இல்லை. ஆக, 'பேசினால் எதிரிக்கு லாபம்' என்ற கணக்கே தப்பு.

வேங்கைவயலுக்காகக் கண்ணீர் விடும் பாஜககாரர்களை நம்பச் சொல்லவில்லை. 2020இல் ஹத்ராசில் ஒரு தலித் பெண்ணின் உடலைப் போலீசே நள்ளிரவில் எரித்தபோது அந்தக் கண்கள் வறண்டு கிடந்தன. ஆனால் எதிரி ஒரு உண்மையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்றால், அதை நாம் கீழே போட்டிருக்கிறோம் என்று பொருள். நாமே எடுத்துப் பேசியிருந்தால் அவனுக்குத் தூக்க என்ன இருந்திருக்கும்?

'அப்படியானால் நீ யார் பக்கம்?' என்று கேட்பார்கள். தேர்தலில் பாஜகவைத் தோற்கடிக்கவே வாக்களிப்பேன். அந்த வாக்கோடு என் வாயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 'வெள்ளைக்காரனுக்கு லாபம்' என்றபோது வாயை மூடிக்கொள்ளாததால்தான் பெரியார் இந்த ஊரிலிருந்து வெளியேறினார். அந்த வெளியேற்றத்தைக் கொண்டாட மேடை போடும் தோழர்கள், அதே மேடையில் வேங்கைவயலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். எங்கள் ஊரில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.